உபயம்: தம்புசாமி குடும்பத்தினர்

கிள்ளானில் தம்புசாமி கும்பிடும் அம்மன் கோயிலுக்குள் போனால், பெயர் எழுதாத பொருள் ஒன்றும் கண்ணில் படாது. காற்றாடியின் மூன்று இறக்கையிலும் பெயர். டியூப் லைட்டைப் போட்டால் வெளிச்சத்துக்கு முன்னால் பெயர் தெரியும். செருப்பு அலமாரி, சுவர்க் கடிகாரம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றுக்கும் ஓர் உபயதாரர் உண்டு. குப்பைத் தொட்டியில்கூட ஒரு குடும்பம் தாத்தா பெயரிலிருந்து பேரன் பெயர்வரை எழுதி வைத்திருக்கிறது. பக்தியில்தான் கொடுக்கிறார்கள், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் கொடுத்தவர் யாரென்று அம்மனுக்கு மறந்துவிடுமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

வாசலுக்கு மேலே இரும்புச் சட்டத்தில் தகடு வேய்ந்த ஒரு கூரை இருக்கிறது. ஊரில் அதை ஆவ்னிங் என்பார்கள். அதன் முகப்புத் தகட்டில், சாலையில் லோரி ஓட்டிப் போகிறவனும் படிக்கிற அளவில், சிவப்புப் பெயிண்ட்டில் எழுதியிருந்தது: ‘உபயம்: தம்புசாமி, பவுனம்மாள் குடும்பத்தினர்.’ தம்புசாமி தன் கையால் எழுதியது. அந்த ஒரு வரிதான் அவரைக் கவிழ்த்தது.

தம்புசாமிக்கு இரும்பு வேலை. கேட், ஜன்னல் கம்பி, ஆவ்னிங், மாடிப்படிக் கைப்பிடி. அப்பா போர்ட் கிள்ளானில் மூட்டை இறக்கியவர். பையனாவது முதுகு வளையாமல் பிழைக்கட்டும் என்று ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீன முதலாளியின், ஊர்ப்பேச்சில் தவ்கேயின், பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே வெல்டிங் கற்று, திட்டு வாங்கி, ஒரு நாள் தவ்கேயோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவர், பழைய லோரி ஒன்றை வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. அவர் போட்ட கேட்டில் துருப் பிடித்திருக்கலாம். கழன்று விழுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இன்ஷூரன்ஸ்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அப்பா வாராவாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டினார். காலொடிந்து படுத்திருந்த சில மாதங்கள் கட்டவில்லை. செத்தபோது கம்பெனிக்காரன் வந்து சாவுவீட்டில் காபி குடித்துவிட்டு, பாலிசி காலாவதியாகிவிட்டது என்று சொல்லிப் போனான். அன்றிலிருந்து, எவன் டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாலும் தம்புசாமி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே துரத்திவிடுவார். மற்ற வேலைக்காரர்கள், பிளம்பரும் வயரிங்காரனும், தேத்தண்ணிக் கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் அவருக்கு ஒரே பதில்தான் வரும்.

“வேலைய ஒழுங்கா செஞ்சா எதுக்குயா இன்ஷூரன்ஸ்? தப்பா செய்யறவன் கட்டட்டும்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். தேத்தண்ணிக் கடையில் சொல்கிற எல்லாமே கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

அவரை மடக்கியது ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை. நல்ல பெரிய வேலை, உள்ளே மாடிப்படி முழுக்கக் கைப்பிடி போட வேண்டும். லோரியில் இரும்பை ஏற்றிக்கொண்டு போனவரைக் காவலுக்கு நின்ற கார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டான். பப்ளிக் லயபிலிட்டி பாலிசி இல்லாத கான்ட்ராக்டருக்கு உள்ளே அனுமதி இல்லையாம். தம்புசாமி கத்தினார். தன் வேலையைப் பற்றிக் கிள்ளானில் விசாரித்துப் பார்க்கச் சொன்னார். கார்டு நேப்பாளத்துக்காரன், அவனுக்குக் கிள்ளானும் தெரியாது, தம்புசாமியும் தெரியாது. லோரி வந்த வழியே திரும்பியது.

மனைவி பவுனம்மாளின் தம்பி மகன் யுகேந்திரன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருந்தான். கல்யாணங்களில் பார்த்தால் தம்புசாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள். இப்போது அவன் நாற்காலிக்கு எதிரில் போய் உட்கார வேண்டியிருந்தது.

“இது என்னாத்துக்குடா?” என்றார்.

“மாமா, நீங்க மாட்டுன கேட்டு யார் மேலயாச்சும் விழுந்தா, அவங்களுக்குக் கம்பெனி குடுக்கும். உங்க கைய விட்டுப் போகாது.”

“நான் மாட்டுன கேட்டு எதுக்குடா விழுது?”

“விழாது மாமா. சும்மா ஒரு பேச்சுக்கு, விழுந்துச்சுன்னு வச்சுக்கோங்க லா.”

“வாயக் கழுவுடா மொதல்ல.”

பணம் கட்டினார். கட்டிவிட்டு, காறித் துப்பாத குறையாகப் படியிறங்கினார். யுகேந்திரன் அவரிடம் என்ன தொழில், எத்தனை வருடம், உயரத்தில் ஏறுவீர்களா என்றெல்லாம் கேட்டு எழுதினான். கோயிலுக்கு ஏதாவது செய்து கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. பணம் வாங்கும்போது அந்தக் கேள்வி எந்தக் கம்பெனிக்கும் தோன்றாது.

அதற்கடுத்த வருடம் பவுனம்மாளின் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றுவிட்டார்கள். ஆபரேஷன் நடந்த அன்று, மகன் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். தம்புசாமிக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார முடியவில்லை. நேரே கோயிலுக்கு வந்தார். நடை சாத்தியிருந்தது. வெயிலில், செருப்பில்லாமல், கொதிக்கிற சிமெண்ட்டில் நின்று, சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார்: “இவளை வீட்டுக்கு அனுப்பி வை. உன் வாசலுக்கு நான் நிழல் போட்டுத் தரேன்.”

பவுனம்மாள் வீட்டுக்கு வந்தாள். கட்டி கெட்ட கட்டி இல்லை. அவளுக்குத் தையல் ஆறுவதற்குள் தம்புசாமி இரும்பு வாங்கிவிட்டார். வீட்டுக்காரர்களுக்குப் போடுகிற சரக்கு இல்லை, அதைவிடக் கனமானது. வேலை செய்த நாட்களில் கோயில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிரசாதம் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார். கூலி என்று அம்மன் கணக்கில் ஒரு வாய்ச் சோறுகூடத் தன் வயிற்றில் விழக்கூடாது என்பது அவர் வைராக்கியம். அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்தார்.

இடதுபக்கத் தூணில் வேலை முடிந்தது. வலதுபக்கம் பாதி போல்ட் முடுக்கியிருந்தபோது கோயில் தலைவர் இராமலிங்கம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அன்று மாலை அம்மனுக்குக் காப்புக் கட்டித் திருவிழா தொடங்குகிறது.

“தம்பு, ட்ரில்ல நிறுத்து. ஆத்தா காப்புல உக்காரப் போறா. அதுக்கு மேல சுவத்துல துளை போடறது, தட்டறது ஒன்னும் கூடாது.”

“தலைவரே, இந்தப் பக்கம் பாதிதான் ஆயிருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க.”

“ஐயர் வந்துட்டாருப்பா. திருவிழா முடிஞ்சு போட்டுக்க. அதுக்குள்ள விழுந்துடவா போவுது?”

யார் வீட்டிலாவது இப்படிச் சொல்லியிருந்தால் தம்புசாமி ஏணியை விட்டு இறங்கியிருக்க மாட்டார். வீட்டுக்காரனையே திட்டிவிட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் போவார். ஆனால் இது அம்மன் வீடு. தன் வாசலை அவளே பார்த்துக்கொள்ள மாட்டாளா? மிச்ச இடத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார், பெயிண்ட் டப்பாவை எடுத்து முகப்பில் பெயரை எழுதினார், இறங்கிவிட்டார். இத்தனை வருடத் தொழிலில் அரைகுறையாக விட்டுவிட்டு வந்தது அந்த ஒரு வேலைதான். போல்ட்டுக்கு நேரம் இல்லாமல் போனது. பெயர் எழுத மட்டும் நேரம் இருந்தது.

பால்குடம் எடுத்த அன்று பிற்பகல் காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. வெளியில் நின்ற கூட்டம் ஆவ்னிங்குக்கு அடியில் ஓடி வந்தது. தகரத்தில் காற்று புகுந்து தூக்கியது, கம்பி அறுந்தது, வலதுபக்கச் சட்டம் கீழே சாய்ந்தது. எல்லோரும் விலகிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் தோளில் மாட்டியிருந்த பெரிய பையைக் காப்பாற்றப் பார்த்ததில் ஒரு நொடி பிந்திவிட்டாள். தலையில் விழ இருந்ததை வலது கையைத் தூக்கித் தடுத்தாள். மணிக்கட்டு நொறுங்கியது.

அவள் பெயர் ஷாமினி. கிள்ளானில்தான் வீடு. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவாள், மருதாணி வைப்பாள், புடவை கட்டிவிடுவாள். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு மூன்று கடைக்காரர்கள் அவள் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அப்பா கிடையாது, அம்மா வீட்டோடு இருக்கிறார். அன்று கோலாட்டம் ஆடுகிற பிள்ளைகளுக்கு முகம் எழுதிவிட வந்திருந்தாள். அதற்கு அவளும் காசு வாங்கவில்லை.

தம்புசாமி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார். கையில் பிளேட் வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி, ஆத்தாதான் தலையைக் காப்பாற்றினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆத்தா காப்பாத்துனாளா?” என்றாள் ஷாமினி. “ஆன்டி, ஆத்தா வீட்டுக் கூரைதான் என் மேல விழுந்துச்சு.” பிறகு தம்புசாமியைப் பார்த்தாள். “இந்த ஆப்பிள நான் எந்தக் கையால வெட்டித் திங்கிறது அங்கிள்?”

தம்புசாமி பையைக் கீழே வைத்தார்.

“டாக்டர் என்னாம்மா சொன்னாரு?”

“ஒரு வருசத்துக்குக் கை பழையபடி திரும்பாதாம். அப்புறமும் சொல்ல முடியாதாம். முகூர்த்த மாசம் வருது, எல்லாப் பொண்ணுங்களுக்கும் அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு லீவு இல்ல, ஆபீஸ் இல்ல, இன்ஷூரன்ஸ் இல்ல. இந்தக் கைதான் இருந்துச்சு.”

“நான் பாத்துக்கறேன்மா,” என்றார் தம்புசாமி. “என்கிட்ட இன்ஷூரன்ஸ் இருக்கு.”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து ஆறுதலாக வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வெளியே வந்து லோரியில் ஏறியபோது, யுகேந்திரனைத் திட்டிய திட்டுக்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டார்.

யுகேந்திரன் மறுநாளே வந்தான். கோயில் வாசலில் நின்று தொங்குகிற சட்டத்தைப் பார்த்தான், பெயரைப் படித்தான். முகம் மாறியது.

“மாமா, பில்லு எங்க?”

“பில்லா? வேண்டுதல்டா. உங்க அத்தைக்காக.”

“மாமா, பாலிசி உங்க தொழிலுக்கு. தொழிலா செஞ்ச வேலைக்குத்தான் குடுப்பாங்க. சும்மா செஞ்சதுக்குக் குடுக்க மாட்டாங்க லா.”

“சும்மா செஞ்சேனா?” தம்புசாமியின் குரல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது. “கால் வெந்து நின்னு வேண்டிக்கிட்டுச் செஞ்சேன்டா!”

“கம்பெனிக்கு ரெண்டும் ஒன்னுதான் மாமா.”

தலைவர் இராமலிங்கத்திடம் போனால், அவர் முதல் நாளே கை கழுவிவிட்டார். கோயில் அந்த ஆவ்னிங்கைப் போடச் சொல்லவில்லை, காசு கொடுக்கவில்லை, போட்டவர் பெயர் எழுதியிருக்கிறது, பொறுப்பும் அவருடையதுதான் என்றார். ட்ரில்லை நிறுத்தச் சொன்னது யார் என்று தம்புசாமி கேட்டார். சாஸ்திரத்தைச் சொன்னேன், போல்ட் போடாதே என்றா சொன்னேன் என்றார் தலைவர். ஆக அந்தச் சிவப்பு வரி இரண்டு பக்கமும் வெட்டியது. பெயர் இருப்பதால் கோயில் தராது, பெயர் இருப்பதால் கம்பெனியும் தராது.

ஷாமினி வக்கீலைப் பார்க்கப்போகிறாள் என்று காதில் விழுந்ததும் தலைவருக்குத் திடீரென்று இரக்கம் சுரந்தது. தம்புசாமி வீட்டுக்கே வந்தார்.

“தம்பு, நான் ஒரு வழி சொல்றேன். கோயில் உனக்குக் கூலி குடுத்துச்சுன்னு பழைய தேதி போட்டு ஒரு ரசீது தரேன். நீ அந்தப் பேர மட்டும் அழிச்சுடு. கம்பெனி குடுத்துட்டுப் போறான். அந்தப் பொண்ணுக்கும் நல்லது, உனக்கும் நல்லது.”

“உங்களுக்கும் நல்லது,” என்றாள் பவுனம்மாள் உள்ளேயிருந்து. தலைவர் அதைக் கேட்காதவர்போல் எழுந்து போனார்.

அன்று புருஷன் பெண்டாட்டிக்குள் மூண்டது போன்ற சண்டை அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அதுவரை மூண்டதில்லை.

“அழிச்சுடுங்க,” என்றாள் பவுனம்மாள். “ஒரு பொண்ணு கை அது.”

“நான் கூலி வாங்கலன்னு ஆத்தா முன்னால நின்னவன்டி. இப்ப வாங்குனேன்னு கையெழுத்துப் போட்டா வேண்டுதல் என்னாவறது?”

“போனா போவுது.”

“போனா என்னா போவும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். என் உசுரு போவும்னு பயப்படறீங்க. ஆத்தா கோச்சுக்கிட்டா என்கிட்டதான கோச்சுக்குவா? நான் பேசிக்கறேன் அவகிட்ட.”

“நீ பேசுவ. நான் ஒத்தையில ஒக்காந்துருப்பேனா?” என்று கத்தினார் தம்புசாமி. கையிலிருந்த குவளையைச் சுவரில் விட்டெறிந்தார். அதற்குப் பிறகு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சோறு மட்டும் மேசையில் மூடி வைத்திருக்கும்.

சுற்றிவளைத்துச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. பெயரை அழித்துப் பொய் சொன்னால் ஷாமினிக்குப் பணம் கிடைக்கும். ஆனால் அம்மன் கொடுத்த உயிரை அம்மனே எடுத்துக்கொள்வாள் என்று அந்த மனிதர் எலும்புவரை நம்பினார். மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்; அவர்கள் மனைவி ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும்போது யாரிடம் என்ன பேசினார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். ஒரு மத்தியானம் பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவும் பழைய துணியுமாக ஏணியில் ஏறினார். பவுனம்மாள் என்று எழுதியிருந்த இடத்தில் துணியை வைத்தார். கை நகரவில்லை. இறங்கிவிட்டார்.

விபத்தை விசாரிக்கக் கம்பெனி அனுப்பிய பெண்ணின் பெயர் மாதவி. சின்னப் பெண், செமினியிலிருந்து கார் ஓட்டி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்து, அம்மனை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, போனை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடித்தாள். அறுந்த கம்பி, போல்ட் இல்லாத துளை, சிவப்பு எழுத்து. பவுனம்மாள் பேச்சு வார்த்தை இல்லாமலே கூட வந்து, தூணோரம் உட்கார்ந்திருந்தாள். இராமலிங்கம் தயாராக ரசீதை நீட்டினார்.

மாதவி ரசீதைப் பார்த்தாள். தலையைத் தூக்கி முகப்பைப் பார்த்தாள்.

“அங்கிள், இதுல கூலின்னு போட்டிருக்கு. மேல உபயம்னு போட்டிருக்கு. ரெண்டுல எது உண்மை?”

தலைவர் தம்புசாமியை முறைத்தார். சொல்லு, சொல்லித் தொலை என்பதுபோல் கையை அசைத்தார்.

“ரசீது பொய்மா,” என்றார் தம்புசாமி.

“அப்ப நீங்க கூலி வாங்கல.”

“வாங்குனேன். வேலைக்கு முன்னாலயே வாங்கிட்டேன்.” தூணோரம் கையைக் காட்டினார். “அதோ, உக்காந்துருக்கு பாருங்க. அதான் கூலி. ஆத்தா மொதல்ல குடுத்தா, நான் அப்புறம் செஞ்சேன். சும்மா செஞ்சேன்னு மட்டும் எழுதிடாதீங்கம்மா.”

பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மாதவி போனில் இருந்த படிவத்தை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தமிழ்ப் பெண்தானே, புரியாமல் இல்லை.

“அங்கிள், அத எழுத இதுல எடம் இல்ல,” என்றாள்.

கம்பெனியின் பதில் யுகேந்திரன் மூலம் வந்தது. தொழில் சாராத தன்னார்வ வேலை, வருந்துகிறோம். யுகேந்திரன் அதைப் படித்துக் காட்டிவிட்டு, போராடிப் பார்க்கலாம், சுசாதான் மாமா, கஷ்டம்தான், ஆனாலும் பார்க்கலாம் என்று எதையெதையோ சொன்னான். தம்புசாமி கேட்கவில்லை. அவருக்குக் கோபம் கம்பெனிமேல், அதைவிட, தன்மேல். அப்பாவின் சாவில் காபி குடித்துவிட்டுப் போனவன் இப்போது வேறு சட்டை போட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தார். ஆனால் அரைகுறையாக முடுக்கிவிட்டு இறங்கியது அவனில்லை.

லோரியை விற்றார். பட்டறை மெஷின்களையும் விற்றார். பணத்தைக் கொண்டுபோய் ஷாமினி வீட்டில் வைத்தார். அவள் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

“தலைவர் அங்கிள் எல்லாம் சொன்னாரு,” என்றாள். “ஒரு பொய் சொல்லியிருந்தா அந்தக் கம்பெனி இதுக்கு மேலயே குடுத்திருக்குமாமே.”

“ஆமாம்மா.”

“உங்க வீட்டு ஆன்டி உசுரு உங்களுக்குப் பெருசு. சரி. என் கையி?”

“பெருசுதாம்மா.”

“பெருசா இருந்தா போல்ட்ட முடுக்கியிருப்பீங்க.”

தம்புசாமி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

லோரி இல்லாத இரும்பு வேலைக்காரன் கூலிக்குத்தான் போக வேண்டும். அவரைச் சேர்த்துக்கொண்டது ஸ்ரீ கெம்பாங்கானில் அதே பட்டறை. பழைய தவ்கே செத்துவிட்டார், மகன் நடத்துகிறான். அப்பாவோடு சண்டை போட்டுப் போன ஆள் இவர்தானா என்று பார்த்துச் சிரித்தான். அங்கே எல்லா வேலைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. தவ்கே மகனே கட்டிவிடுகிறான். தம்புசாமியை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சொந்தத் தொழிலின் மரியாதை போய், அதற்குப் பதில் கிடைத்த பாதுகாப்பு அது. அவருக்கு அது தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது.

அடுத்த திருவிழா நெருங்கியபோது இராமலிங்கம் மறுபடி வந்தார். ஆவ்னிங்கை ஒரு வருடமாகக் கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“உபயம் உன்னோடது தம்பு. நீதான் முடிச்சுக் குடுக்கணும்.”

“செய்யறேன். பில்லு போட்டுத்தான் செய்வேன்.”

“ஆத்தாகிட்டயே கூலியா?”

“ஆத்தா எனக்குக் குடுத்தாச்சு. நான் கேக்கறது உங்ககிட்ட.”

“கூலி வாங்குனா உன் பேரு அங்க இருக்காது, பாத்துக்க.”

“இருக்க வேணாம்.”

பில் போடுவதற்கு முன்னால் யுகேந்திரனைக் கூப்பிட்டுத் தன் பெயரில் பாலிசியைப் புதுப்பித்தார். வாயில் வந்த வசவெல்லாம் வைதுகொண்டேதான் பணம் கட்டினார். கொள்ளைக்காரர்கள், ஆனாலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார். தவ்கே மகனிடம் மெஷினை இரவல் வாங்கி, காப்புக் கட்டுவதற்கு வெகு முன்னாலேயே, எல்லாப் போல்ட்டையும் முடுக்கி முடித்தார். தன் பெயரைத் தானே சுரண்டி எடுத்தார். அம்மன் முன்னால் பொய்யாக அழிக்க முடியாததை இப்போது கூலி வாங்கி நேராக அழித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஒன்று தோன்றியது. இந்தக் கூரைக்கு உண்மையில் விலை கொடுத்தது யார்? சிவப்புப் பெயிண்ட்டை எடுத்து அதே இடத்தில் ‘உபயம்: ஷாமினி’ என்று எழுதினார்.

“அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?” என்றாள் பவுனம்மாள்.

“மரியாத செய்யறதுக்குக் கேக்கணுமா?”

திருவிழாவுக்கு ஷாமினி வந்தாள். கோலாட்டப் பிள்ளைகளுக்கு இடது கையால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. யாரோ ஒரு பெண்மணி வந்து, ஆவ்னிங் உன் உபயமாமே, ரொம்பப் புண்ணியம் என்றார். ஷாமினி வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். நேராகத் தம்புசாமியிடம் வந்தாள். கூட்டம் வழி விட்டது.

“யாரக் கேட்டு என் பேர எழுதுனீங்க?”

“உன் கையால வந்ததும்மா இந்தக் கூரை. அதான்...”

“உபயம்னா குடுக்கறது அங்கிள். நான் குடுக்கல. நீங்க எடுத்துக்கிட்டீங்க.”

தம்புசாமி அந்த இடத்தில் சிறுத்துப்போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பின்பக்கம் போய் ஏணியையும் தின்னர் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பு, என்னா செய்யற? காப்புக் கட்டியாச்சு!” என்று இராமலிங்கம் கத்தினார். “ஏணிய எடு! திருவிழா முடியட்டும்!”

“போன தடவ அதத்தான் சொன்னீங்க,” என்றார் தம்புசாமி. ஏணியைச் சாத்தி ஏறினார்.

பவுனம்மாள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாரும் கிட்டே வரவில்லை. மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஷாமினி வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு கீழேயே நின்றாள். கடைசி எழுத்தும் போன பிறகுதான் பிள்ளைகளுக்கு மிச்சப் பொட்டை வைக்க உள்ளே போனாள்.